பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில்

மார்ச் 3

அப்பா இன்று காரை நிறுத்துவதற்குக் குப்பைத் தொட்டியின் உதவியை நாடினார். பிரேக் பெடலை மிதித்தால் அது எதிர்ப்பே காட்டாமல் தரைவரை போய்விட்டதாம். “இடிக்கலை, நிறுத்தினேன்,” என்கிறார். தொட்டி எதிர்வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அதன் கருத்தை யாரும் கேட்கவில்லை.

இவர் வெளியே ஓடி வந்து, அப்பாவுக்கு ஆறடி தள்ளி நின்று, என்னிடம் சொன்னார்: “அடி ஏதாவது பட்டுச்சான்னு உங்க அப்பாகிட்ட கேளு.”

கேட்டேன்.

“படலைன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு,” என்றார் அப்பா.

சொன்னேன். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

ஏழு மாதமாக இப்படித்தான். விருந்தாளிகள் நடுவே இவர் அந்தக் காரைப் ‘பழைய இரும்பு’ என்று சொல்லிவிட்டார். அதன் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது, இப்போது இல்லாத அம்மா; அன்றோடு அப்பா இவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இவர் சொன்னது நிறத்தைப் பற்றியல்ல, கதவைப் பற்றி என்று நான் எடுத்துச் சொன்னேன். அப்போதே எனக்கு இந்த உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது.

மார்ச் 4

தலைமை நூலகர் கூப்பிட்டனுப்பினார். வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். காலி அலமாரிகள், மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள், மூன்று மாதம், முழுப்பொறுப்பும் என்னுடையது. ஒரு நூலகத்தை முதல் புத்தகத்திலிருந்து அடுக்கும் வாய்ப்பு இந்த வேலையில் ஒருமுறை வந்தாலே அதிகம். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்,” என்றேன்.

வீட்டில் என்ன கேட்பது? நான் போய்விட்டால் சாப்பாட்டு மேசையில் உப்பு எப்படி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் என்றா?

மார்ச் 6

மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்கள் முன்னாலிருந்து பின்சக்கரம்வரை துருவேறி, ஓரிடத்தில் ஒழுகுகின்றனவாம். இந்த மாதத் தகுதிச் சோதனையில் நிச்சயம் நிற்காது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, “இந்த டப்பாவுக்கு எதுக்குங்க மெனக்கெடணும், எடைக்குப் போட்டுடுங்க,” என்றார்.

அப்பா உள்ளே போய்விட்டார். இவருக்கு முகம் சிவந்தது. நன்றி சொல்லி மெக்கானிக்கை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

“டப்பாவாம். இவன் யாரு சொல்றதுக்கு?”

“நீங்க இரும்புன்னு சொன்னீங்களே?”

“நான் சொல்லலாம். நான் வீட்டு ஆளு.”

குழாயைத் தானே மாற்றப்போகிறாராம். இவர் வரிக்கணக்குப் பார்ப்பவர். இதுவரை வீட்டில் கழற்றியவை: ஒரு கடிகாரம், ஒரு மிக்சி. திரும்ப மாட்டியவை: வரும்போது எழுதுகிறேன்.

மார்ச் 8

செம்பு கலந்த குழாய்ச் சுருள், குழாய் வெட்டும் கருவி, முனையை விரிக்கும் கருவி, இரண்டு புட்டி பிரேக் எண்ணெய். சாப்பாட்டு மேசை போய்விட்டது. சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிட்டோம். உப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் எனக்கு இன்று அரைநாள் விடுமுறை.

மார்ச் 10

பழைய குழாய் கழன்று வந்தது. துண்டு துண்டாக.

மார்ச் 12

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

குழாயின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு நட்டு இருக்கும். நட்டைக் கோர்த்துவிட்டு அப்புறம்தான் முனையைப் பூப்போல விரிக்க வேண்டும். விரித்த பிறகு அதன் மேல் நட்டு ஏறாது. இவர் காலை முழுவதும் குழாயைப் பழையதன் அளவுக்கு வளைத்து, இரண்டு முனைகளையும் விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரசித்தார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. நட்டுகள் இரண்டும் மேசைமேல் இருந்தன.

அப்பா இதையெல்லாம் ஜன்னலோரம் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முனையை விரிக்கும் முன்பே என்னைத் தேடியிருக்கிறார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும், “நட்டை முதல்ல போடணும்னு சொல்லு,” என்றார்.

“நீங்களே சொல்லியிருக்கலாமே அப்பா.”

“உன்னைத்தான் தேடினேனே.”

போய்ச் சொன்னேன். இவர் குழாயைப் பார்த்தார், நட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“இதை எப்ப சொன்னாரு?”

“நான் குளிக்கப் போனப்ப.”

“நீ ஏன் இவ்வளவு நேரம் குளிச்சே?”

ஆக, தவறு என்னுடையது. குளியல் என்னுடையது.

மார்ச் 13

மறுபடி வெட்டி, நட்டுப் போட்டு, விரித்து, மாட்டியாயிற்று. சோதனை பதினெட்டாம் தேதி.

மார்ச் 15

இன்று குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றும் வேலை. காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பிரேக் பிடிக்காது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே ஒரு சின்னத் திருகைத் திறந்து, காற்றும் எண்ணெயும் வந்ததும் மூட வேண்டும். மூடும்வரை மிதித்தவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும்.

உலகம் முழுக்க இரண்டு பேர் செய்யும் இந்த வேலையை எங்கள் வீட்டில் மூன்று பேர் செய்தோம்.

பெடலில் அப்பா, தன் காரில் வேறொருவர் உட்காரச் சம்மதிக்கவில்லை. பின்சக்கரத்தடியில் இவர். நடுவில் நான்.

“மிதிக்கச் சொல்லு.”

“அப்பா, மிதிங்க.”

“மிதிச்சாச்சுன்னு சொல்லு.”

“மிதிச்சிட்டாராம்.”

திருகைத் திறந்தார். பெடல் கீழே போனது. “கீழ போயிடுச்சுன்னு சொல்லிடு,” என்ற அப்பா, தகவலை முறைப்படி ஒப்படைத்துவிட்ட நிம்மதியில் காலை எடுத்துவிட்டார். நான் பின்பக்கம் போய்ச் சொல்லி, இவர் மூடுவதற்குள் காற்று திரும்பிவிட்டது. காலையிலிருந்து மதியம்வரை அதே காற்றைத்தான் வெளியே அனுப்பி உள்ளே அழைத்துக்கொண்டிருந்தோம். ஒரு புட்டி எண்ணெய் தீர்ந்தது.

“உங்க அப்பாவுக்குக் காலை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா?”

“திருகை மூட இத்தனை நேரம் ஆகுமான்னு கேளு.”

இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சேர்த்தேன்! எனக்கென்ன தலையெழுத்தா? புருஷன் சொன்னா அங்க ஓடு, அப்பா சொன்னா இங்க ஓடு — முழங்கால் வலிக்குது, புடவையெல்லாம் எண்ணெய். இந்த லட்சணத்துல மூணு மாசம் நான் எங்க போறது? போனா ரெண்டு பேரும் பட்டினி கிடப்பாங்க, அதையும் எனக்கு போன் போட்டு மத்தவர்கிட்ட சொல்லச் சொல்வாங்க.

மார்ச் 16

மறுபடி ஆரம்பித்தோம். அப்பா பெடலில், இவர் அடியில், நான் நடுவில். “மிதிக்கச் சொல்லு,” என்றார் இவர். சொன்னேன். “மிதிச்சாச்சுன்னு சொல்லு,” என்றார் அப்பா. சொன்னேன். திருகு திறக்கும் சத்தம் கேட்டது.

நான் போனைக் காதில் வைத்து, “சொல்லுங்க, கேக்குது,” என்றபடி வீட்டுக்குள் போய்விட்டேன்.

போன் அடிக்கவே இல்லை.

சமையலறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா என்னைத் தேடுகிறார் என்று தெரிந்தது. இவரும் தேடியிருப்பார், ஆனால் காருக்கடியில் படுத்துக்கொண்டு எவ்வளவு தேட முடியும்? கையில் ஸ்பேனர், முகத்துக்கு நேரே சொட்டும் எண்ணெய். அப்பாவின் கால் நடுங்க ஆரம்பித்திருக்கும். எழுபத்திரண்டு வயதுக் கால். போய்விடலாமா என்று இரண்டு தடவை கதவுவரை வந்தேன்.

“மாமா, காலை எடுத்துடாதீங்க.”

நான் ஜன்னலுக்கே திரும்பினேன்.

“எடுக்கலை மாப்பிள்ளை. நீங்க மூடுங்க.”

“மூடிட்டேன். இப்ப விடுங்க.”

“விட்டாச்சு.”

“மிதிங்க.”

அதற்குப் பிறகு மிதிங்க, பிடிங்க, விடுங்க என்பதைத் தவிர நான்கு சக்கரத்துக்கும் வேறு பேச்சு கிடையாது. கடைசிச் சக்கரத்தில் மட்டும் அப்பா, “இப்பதான் கல்லு மாதிரி நிக்குது,” என்றார். இவர், “வண்டி நல்ல வண்டிதான் மாமா,” என்றார். போன் இன்னும் என் காதிலேயே இருந்தது.

மார்ச் 17

புதுக் கிளைக்குப் போகிறேன் என்று தலைமை நூலகரிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் கேட்டீர்களா என்றார். ஆமாம் என்றேன். ஜன்னல் வழியாகக் கேட்டேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 18

சோதனையில் பிரேக் தேறியது. முகப்பு விளக்கு தேறவில்லை. அதற்கு யார் காரணம் என்று இருவரும் வழி முழுக்க நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்சீட்டில் ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல காற்று.

ஏப்ரல் 19

புதுக் கிளையில் வரலாறும் பயணமும் அடுக்கி முடித்தோம். அறைக்கு வந்து கை கழுவியும் புத்தகத் தூசி வாசனை போகவில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். இவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். இவர் போனை அப்பா எடுத்தார்.

“என்னம்மா?”

“சாப்பிட்டீங்களா? ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க?”

“மாப்பிள்ளை அடியில இருக்காரு. எதிர்வீட்டுக்காரர் வண்டி, அதுலயும் குழாய் போயிடுச்சாம். நான் பெடலைப் பிடிச்சிட்டிருக்கேன்.”

“அவர்கிட்ட ஒண்ணு சொல்லணுமே—”

“இப்ப முடியாது. நீயே அப்புறம் சொல்லிக்கோ,” என்று வைத்துவிட்டார்.