நீதிபதி அடித்த பந்தைப் பிடித்தவனுக்கு

நண்பா,

காலையில் என் மனைவி அடுப்பில் விளக்கெண்ணெயைச் சுட வைத்திருந்தாள். பனிக்காலம் வந்தால் என் குதிகாலில் வெடிப்பு வந்துவிடும், அதற்குத்தான். அந்த வாசனை கூடத்துக்கு வந்தபோது நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் ஒரு எழுத்தும் மனத்தில் ஏறவில்லை. விடுதியின் பின்கட்டில் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோல் பந்தை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கெண்ணெயில் நனைத்த துணியால் தேய்த்துக்கொண்டிருப்பாயே, அதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. வேறு யாரையும் பந்தைத் தொட விடமாட்டாய். "காஞ்ச பந்து கையில நிக்காதுபா" என்பாய்.

நீ போனதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இன்று உட்கார்ந்துவிட்டேன்.

நாம் அந்தப் பள்ளிக்கு வந்த விதமே வேறு வேறு. என் அப்பாவுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. வீட்டில் இருந்தால் நான் கடையிலேயே கிடப்பேன், படிப்பு வராது என்று, உள்ளூரிலேயே வீடு இருந்தும் என்னைப் பாலாற்றுப் பக்கத்து விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். நீ வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். உன் அப்பா பயிர் செய்கிறவர். கட்டணமில்லாமல் பள்ளி எடுத்துக்கொண்ட சில பையன்களில் நீ ஒருவன். உனக்குக் கொடுத்த இடம் எந்த நேரமும் கைவிட்டுப் போகலாம் என்று எல்லாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். ஆனால் நீ அதைப் பேசியதே இல்லை.

பிரார்த்தனைக் கூடத்துச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை இருந்தது. நம் பள்ளியில் படித்துப் பெரிய ஆளானவர்களின் பெயர்களை வெள்ளை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். டாக்டர், என்ஜினீயர், ராணுவத்தில் மேஜர். எல்லாருக்கும் மேலே மெட்ராஸில் நீதிபதியாக இருந்த ஒருவரின் பெயர். வார்டன் நம்மைத் திட்டுவதென்றால் அந்தப் பலகையைக் கைகாட்டித்தான் திட்டுவார். "இவங்கல்லாம் இதே பெஞ்சில உக்காந்தவங்கதாண்டா. என்ன பிரயோஜனம், நீங்களும்தான் உக்காந்துக்கினு இருக்கீங்க."

அறுபதுகளின் நடுவில், நாம் கடைசி வகுப்புக்கு வந்த வருடம், பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்த நீதிபதியே வந்தார். விழா நாளில் பழைய மாணவர்களுக்கும் நமக்கும் கால்பந்து நடக்கும். ஆட்டம் முடிந்ததும் சிறப்பு விருந்தாளி வந்து ஒரு பெனால்டி அடிப்பார். கோல்கீப்பர் எதிர்ப்பக்கம் விழுவான். பந்து உள்ளே போகும், பேண்டு முழங்கும், எல்லாரும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இதுதான் வழக்கம். நம் அணிக்கு நீதான் கோல்கீப்பர். வார்டன் முதல் நாளே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஐயா வலது கால்ல அடிப்பாரு. நீ அந்தாண்ட விழுந்துடு, புரிஞ்சுதா?" நீ தலையாட்டினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நீதிபதி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்தார். நல்ல உடம்பு. பந்துக்குப் பின்னால் போய், வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து அடித்தார். அடியும் மோசமில்லை, மூலை பார்த்துத்தான் போனது. நீ பறந்து போய் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விழுந்தாய்.

பேண்டுக்காரர்களுக்கு இது தெரியாது. பந்தில் கால் பட்டதும் ஊத வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஊதினார்கள். மைதானத்தில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் ஊதிவிட்டு, டிரம்காரர் நிறுத்த, மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நீ மண்ணிலிருந்து எழுந்து, பந்தைப் பார்த்தாய், வார்டனைப் பார்த்தாய். உன் முகம் வெளுத்ததை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

விடுதிக்கு வந்ததும் வார்டன் சொன்னார். "பெட்டியைக் கட்டு. காலையில உங்க அப்பனுக்குச் சொல்லி அனுப்புறேன். வந்து இட்டுக்கினு போவட்டும்."

நீ துணிகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாய். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாய். நான் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அழுவாய் என்று நினைத்தேன். நீ சொன்னது இதுதான்: "அறுப்பு நடக்குதுபா. எங்க நைனா அதை உட்டுட்டு வரணும். அதான் ஒரு மாதிரியா இருக்குது."

விளக்கு வைத்த நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. உன்னை வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் மட்டும் போனேன். நீதிபதி நம் பையன்களோடு தரையில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். பாயசம் வந்தபோது அவர் சுற்றிப் பார்த்து, "அந்த கோல்கீப்பர் பையன் எங்க, காணோமே?" என்று கேட்டார்.

"அவனுக்கு ஜுரங்க ஐயா" என்றார் வார்டன். "படுத்திருக்கான்."

சொல்லி முடிக்கவில்லை, நீ தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். நீதிபதி உன்னைப் பார்த்தார்.

"உனக்கு ஜுரம்னு சொன்னாங்களே?"

"ஜுரம் இல்ல ஐயா. பசி."

எங்கோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். நீதிபதி நகர்ந்து இடம் விட்டார். "வா, இப்படி உக்காரு." நீ உட்கார்ந்தாய். அவரே உன் தட்டில் சோறு போடச் சொன்னார். நீ நாலு வாய் சாப்பிடும்வரை காத்திருந்துவிட்டு, நீதிமன்றத்தில் கேட்பதுபோலவே கேட்டார்.

"என் பந்தை உள்ள உடச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

நீ வார்டனைப் பார்த்தாய். அவர் தரையைப் பார்த்தார். "சொன்னாங்க ஐயா."

"நீ சரின்னியா?"

"சரின்னுதான் சொன்னேன் ஐயா."

"அப்புறம் ஏன் புடிச்ச?"

"பந்து வந்துச்சி ஐயா. கை தானா பூடுச்சி."

அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. கண்ணில் தண்ணீர் வர, புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. பிறகு வார்டனிடம் திரும்பிச் சொன்னார். "நான் மெட்ராஸ்ல கிளப்புல டென்னிஸ் ஆடறேன் சார். ஜட்ஜ் ஆனதுலேர்ந்து ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. எனக்கு டென்னிஸ் ஆடவே வராது."

அதற்குப் பிறகு உன் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. விஷயம் அதோடு முடியவும் இல்லை. மறுநாள் காலையில் நாம் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது நீதிபதி செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார். காரை நிறுத்தி வைத்துவிட்டு, உன்னைக் கூட்டிவரச் சொன்னார். பேண்டு இல்லை, கூட்டம் இல்லை. அவர் அடித்தார், நீ பிடித்தாய். மறுபடி அடித்தார், மறுபடி பிடித்தாய். அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. டிரைவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் ஒரு பந்து உன் கைக்கு அடியில் புகுந்து போய்விட்டது. அந்தப் பெரிய மனிதர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். குதித்த வேகத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"டேய், விட்டுக் கொடுத்தியா?"

"இல்ல ஐயா! சத்தியமா தப்பிடுச்சி."

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். "நீ சாட்சி. சொல்லு."

"நெஜமாவே கோல்தாங்க ஐயா" என்றேன். உன் முகத்தில் இருந்த எரிச்சலைப் பார்த்திருந்தால் அவருக்கு என் சாட்சியமே தேவைப்பட்டிருக்காது. அந்தப் பந்துக்காக அன்று பகல் முழுக்க உன்னையே நீ திட்டிக்கொண்டிருந்தாய்.

படிப்பு முடிந்து நான் அப்பாவின் கடைக்கு வந்துவிட்டேன். உன்னை மெட்ராஸில் ஒரு ஆலை வேலைக்கு எடுத்துக்கொண்டது, அவர்கள் அணியில் ஆடுவதற்காக. ஓரிரு வருடத்தில் மாநில அணி. ஒரு மாலையில் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கல்யாணப் புடவை எடுக்க ஒரு பெரிய குடும்பம் வந்திருந்தது. பாட்டு முடிந்து கால்பந்து வர்ணனை தொடங்கியது. உன் பெயர் வந்தது. நான் கையில் விரித்த புடவையோடு அப்படியே நின்றுவிட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமன், "இன்னாபா, புடவையைக் காட்டுவியா மாட்டியா?" என்றார். "ஆடறது என் சிநேகிதங்க" என்றேன். அவ்வளவுதான், பெண்கள் உட்பட எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நீ ஒரு பந்தைப் பிடித்தாய் என்று அறிவிப்பாளர் கத்தியபோது கல்யாணப் பெண்தான் முதலில் கைதட்டினாள்.

எழுபதுகளில் உன் பெயரும் பலகையில் ஏறியது. விழாவுக்கு உன்னை அழைத்தார்கள். அப்போது வார்டன்தான் தலைமையாசிரியர். முடி முழுக்க நரைத்திருந்தது. உன்னைப் பெனால்டி அடிக்கக் கூப்பிட்டபோது, "எனக்கு அடிக்கத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு, நல்ல சட்டையோடு நேராகப் போய் கோலுக்குள் நின்றுகொண்டாய். சின்ன வகுப்புப் பையன்கள்வரை வரிசையில் வந்து உன்னை எதிர்த்துப் பந்து அடித்துப் பார்த்தார்கள். இருட்டும்வரை நடந்தது. ஒரு பந்தைக்கூட நீ சும்மா விடவில்லை. உன்னை ஏமாற்றிக் கோல் போட்ட ஒரு பொடியனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினாய்.

சாப்பிடும்போது வார்டன் உன் பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு உன்னை அனுப்பியிருந்தேன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நீ அவர் இலையில் அப்பளத்தை வைத்து, "சாப்பிடுங்க சார், ஆறிடும்" என்றாய். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வெகுநேரம் சம்பா நெல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நம் ஊர்ப் பக்கத்துச் செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டாய். எனக்கு அது பெரிய வரவு. வாரத்தில் பாதி நாள் மாலை டவுன் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். பேச ஒன்றும் இருக்காது, பேசாமலும் இருக்க மாட்டோம். போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழவில்லை. வலி தெரியாமல் போனாய் என்று உன் மகள் சொன்னாள். நான் அழுதேன். ஆனால் உன் வாழ்க்கையில் எதையாவது மாற்றி எழுது என்று யாராவது சொன்னால், எங்கே கை வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் ஒரு விஷயத்தை நான் சொன்னதே இல்லை. ஆட்டத்தில் உனக்கு நேர் முன்னால் பேக்காக நின்று தடுத்து ஆடியவன் நான். எதிரணி ஆள் பந்தோடு வரும்போதெல்லாம் எனக்குப் பயம். ஏறிப் போய் மறிப்பதா, பின்வாங்குவதா என்று தெரியாது. அப்போது பின்னாலிருந்து உன் குரல் வரும். "நீ போபா, நான் கீறேன்." நீ இருக்கிறாய் என்று நான் போய்விடுவேன். பந்து என்னைத் தாண்டிப் போன நாட்களும் உண்டு. நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்பா போனபிறகு கடையைத் தனியாக எடுத்து நடத்திய நாளிலும், என் பெண்ணை ஊர் தெரியாத இடத்துக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிய நாளிலும், போன மாதம் கண் ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போனபோதும், நான் நேராகத்தான் நடந்தேன். பின்னால் ஆள் இருக்கிறது என்கிற நினைப்பில் நடக்கிறவனின் நடை அது. நீ போனபிறகும் அது மாறவில்லை.