எந்தத் துடுப்பு?

3 அக்டோபர் 2004, ஞாயிறு

மழை ஒருவழியாகப் போய்விட்டது. பளீர் வெயில். கடக்வாஸ்லா அணையில் தண்ணீர் விளிம்பு வரை. பார்த்ததுமே கை துறுதுறு.

இன்றும் பாதியில் திரும்பினேன். அந்தக் கரை கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே மேய்கிற எருமைகள்கூடத் தெரிகின்றன, என் மணிக்கட்டு மட்டும் வர மாட்டேன் என்கிறது. எட்டு மாதமாக இதே கதை. அனிகேத் (கிளப்பை நடத்துகிறவன், எல்லாரையும் விரட்டுகிறவன்) என் கையைத் திருப்பிப் பார்த்தான். "தோஷம் கையில் இல்லை, துடுப்பில்" என்று தீர்ப்பு. கிளப் துடுப்பு அலுமினியத் தண்டு, இரண்டு முனையிலும் தடி பிளாஸ்டிக் பிளேடு. உலக்கை. என் கயாக்கோ ஒல்லியான ஒற்றை ஆள் படகு. உலக்கையை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம்தான் ஓட்டுவது.

அடுத்து சொன்னதுதான் விஷயம். அவன் அண்ணன் டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வருகிறான். துடுப்பு வேண்டுமானால் கொண்டுவருவான். இரண்டாகக் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும், பெட்டியில் போக. 18ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

சொந்தத் துடுப்பு! திரும்பும்போது சிங்ககட் ரோடு முழுக்க ஸ்கூட்டியில் பாட்டு. காந்தா பஜி (வெங்காய பஜ்ஜிதான்) இரண்டு தட்டு.

4 அக்., திங்கள்

ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வாரம். ஹடப்சர் டிராபிக் வழக்கம்போல். மதியச் சாப்பாட்டைத் துறந்து இணையத்தில் துடுப்பு துடுப்பாகத் தேடியது:

அலு. – மலிவு. கனம். எதன்மீது மோதினாலும் வளையும், உடையாது. குளிரில் ஜில், வெயிலில் சுடும்.

ஃபைபர் – நடுவாந்திரம். ஓரம் தேயும், சிம்பு சிம்பாகப் பிரியும். நாமே ஒட்டிக்கொள்ளலாம்.

கார்பன் – இறகு. இறகேதான். விலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மரம் – அழகு. வார்னிஷ் அடித்துச் சீராட்ட வேண்டும். எனக்கு என் தலைமுடியையே சீராட்ட நேரமில்லை.

கார்பன்தான். மனசு சொல்லிவிட்டது. அறிவு இன்னும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. கூடத் தங்கியிருக்கிற ஷில்பா புக் செய்கிறேன் என்றாள். செய்திருக்க மாட்டாள்.

6 அக்., புதன்

செய்யவில்லை.

பிரெட், ஜாம். இதே நிலைமையில் ஷி.யிடம் கார்பனின் அருமை பெருமைகளை விளக்கினேன். "உன் ஸ்கூட்டிக்கு டயர் மாத்தற காசில்ல, துடுப்பு மட்டும் ராக்கெட் சாமான்ல வேணுமா?" என்று இந்தியில் கேட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு எதிரி.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டதும் அவள்தான்: "அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?"

இல்லை. தர்மபுரியில் இருக்கிற என் அம்மாவைப் பொறுத்தவரை நான் ஞாயிறுதோறும் ஜாவா கிளாஸ் போகிறேன். அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். ஒகேனக்கல் போனால் நாங்கள் எல்லாரும் பரிசலில், அம்மா மட்டும் கரையில், மீன் வறுவலும் கையுமாக, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அவளிடம் போய் எப்படிச் சொல்ல.

சொந்தத் துடுப்பு வந்துவிட்டால் அதை எங்கே ஒளிப்பது. அடுத்த வாரம் வேறு அவளே வருகிறாள், லீவு போட்டுக்கொண்டு. சொல்லத்தான் வேண்டும். வேண்டாம் என்றால்? என்றால் எனக்கு அழுகை வந்துவிடும்.

7 அக்., வியாழன்

சொல்லிவிட்டேன்!!! அம்மா சரி என்றுவிட்டாள்!!!

அப்படியே எழுதி வைக்கிறேன். போனில் இரைச்சல், நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு:

"அம்மா, ஒண்ணு சொல்லணும். திட்டாத. நான் ஒரு துடுப்பு வாங்கலாம்னு இருக்கேன்."

அம்மா: "துடுப்பா! நெசமாவா பாப்பா?"

"நெசமாத்தாம்மா. இங்க ஃபிரண்ட்ஸுது ஒண்ணு இருக்குது. அதை வெச்சுத்தான் இத்தனை நாளா ஓட்டறேன். ரொம்பக் கனம். மணிக்கட்டு வலிக்குது."

"பழக்கமில்லாத கை, வலிக்கத்தான் செய்யும். போகப் போகச் சரியாயிடும். என்னாத்துல வாங்கப் போற?"

"அலுமினியம் இருக்குது, ஃபைபர் இருக்குது…"

"அலுமினியமா! சூடு ஏறும்டி. கை வெக்க முடியாது. மரந்தான் நல்லது. நீ ஒண்ணும் வாங்காத, நான் வர்றப்ப எடுத்தாறேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா பூரிச்சுப் போயிடுவாரு!"

அலுமினியம் வெயிலில் சுடும் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒகேனக்கல் பரிசல்காரர் யாரிடமாவது கேட்டு வாங்கி வரப்போகிறாள் போல. பாவம், பரிசல் துடுப்பு கயாக்குக்கு ஆகாது. ஆனால் என்ன! எட்டு மாதம் இந்த அம்மாவைப் பார்த்தா பயந்தேன்! தலைகால் புரியவில்லை. ஷி.க்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். எதிரிக்கே.

10 அக்., ஞாயிறு

அனிகேத்தின் கார்பன் துடுப்பை இன்று ஒரு மணி நேரம் இரவல் வாங்கினேன். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி. தண்ணீரில் வைத்ததும் படகு பாய்கிறது. மணிக்கட்டு இருப்பதே மறந்துவிட்டது. வாயெல்லாம் பல், யாரும் பார்க்கவில்லை.

கரைக்கு வந்து, வழக்கம்போல் துடுப்பு முனையைப் பாறையில் ஊன்றிப் படகைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம்.

"அரே, பத்தர் பே நஹீ! கல்லுல வைக்காதே!" அனிகேத் இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்தான். தடவித் தடவிப் பார்த்தான். கீறல்தான், விரிசல் இல்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவனுக்கும்தான், ஆனால் சிரித்தான். நல்லவன்.

அடுத்த ஞாயிறு கிளப் முழுக்க அக்கரை போய்த் திரும்புகிறது. நானும் பெயர் கொடுத்தேன். அன்றைக்கு அம்மா இங்கே இருப்பாள். அவள் பார்க்க, அக்கரை!

13 அக்., புதன்

ரிலீஸ் முடிந்தது, நானும் முடிந்தேன். ஸ்கூட்டிக்கு டயர் மாற்றியாகிவிட்டது (ஷி. தொல்லை). கார்பனா ஃபைபரா என்று தூக்கத்தில்கூட. கார்பன் ஒன்றின் விலைக்கு ஃபைபர் இரண்டு வரும். வரட்டுமே, எனக்கெதற்கு இரண்டு.

15 அக்., வெள்ளி

அம்மா வந்தாள். ஸ்டேஷனில் ஒரு கட்டைப்பை, ஒரு பெட்டி, ஒரு மூட்டை கேழ்வரகு மாவு. பரிசல் துடுப்பு எதையும் காணோம். சரி, மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டைப்பையிலிருந்து பெருமையாக எடுத்து நீட்டினாள். முழங்கை நீளம். மரம். ஒரு முனை தட்டை.

களி கிண்டுகிற துடுப்பு.

எங்கள் ஊரில் அதற்கும் துடுப்பு என்றுதான் பெயர். பிறந்ததிலிருந்து தெரியும் எனக்கு. எட்டு மாதம் தண்ணீரிலேயே கிடந்ததில் அந்த அர்த்தம் சுத்தமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஆக அம்மா சரி என்றது களிக்கு. அப்பா பூரித்தது களிக்கு. மகள் பிரெட்டை விட்டு ஒழுங்காகச் சாப்பிடப் போகிறாள் என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் ஷி. குதித்துக்கொண்டு வந்தாள். "அரே வா! யே தோ பேபி பேடல் ஹை! குட்டித் துடுப்பு! ஆன்ட்டி, நீங்களும் படகு ஓட்டுவீங்களா?" கையிலெடுத்து இடமும் வலமுமாகத் துடுப்புப் போட்டே காட்டிவிட்டாள்.

அம்மாவுக்கு இந்தி அவ்வளவாக வராது. ஆனால் படகு ஓட்டுகிற கை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

"என்னா சொல்லுது இந்தப் பொண்ணு?"

குட்டு வெளிப்பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். இங்கேதான் நீச்சல் கற்றுக்கொண்டேன், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்குவதில்லை, எல்லாம்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "அந்த ஜாவா கிளாஸுல நீச்சலும் சொல்லித் தராங்களா?"

கேஸ் இன்னும் வராததால் ஷி. பக்கத்து வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இரவல் வாங்கி வந்தாள், அம்மா அதைப் பற்ற வைத்துக் களி கிண்டினாள். கிண்டிய வேகத்தில் பாத்திரம் தப்பித்தது பெரிது. கீரைக் கடைசல் பிரமாதம். அதைச் சொல்லக்கூட பயம்.

16 அக்., சனி

அக்டோபர் வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையெல்லாம் அம்மா பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஷி. பூனை மாதிரி நடமாடினாள்.

மதியம் அம்மா தானாகவே வந்து உட்கார்ந்தாள். "என்னாதுன்னு காட்டு." ஆபீஸில் திருட்டுத்தனமாகப் பிரிண்ட் எடுத்த படங்களைப் பரப்பினேன். கனம், விலை, நீளம் என்று ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்தினாள்.

"நடுத்தண்ணியில ஒடைஞ்சா?"

பொய் சொல்லவில்லை. அலுமினியம் வளையும், எப்படியும் கரைக்குக் கொண்டுவந்துவிடும். ஃபைபர் விரிசல் விட்டால் முன்கூட்டியே தெரியும். கார்பன் அடிபட்ட இடத்தில் வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு ஒருநாள் படக்கென்று போகலாம்.

"அப்ப அது வேணாம்."

"அதுதாம்மா லேசு!"

"லேசா இருந்து என்னா பண்ண, நீ கரைக்கு வரலைன்னா?"

கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் காயாத துணிகளையெல்லாம் மடித்தேன். அப்புறம் அந்த 'டக்' ஞாபகம் வந்தது. நான் பாறையில் ஊன்றுகிற ஆள். எட்டு மாதப் பழக்கம், துடுப்பு விலை ஏறினால் போய்விடுமா? கிளப் உலக்கையின் முனையைப் பார்த்தாலே தெரியும், நாய் கடித்த செருப்பு. கார்பன் வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் அதைக் காப்பாற்றுவதிலேயே என் கவனம் போய்விடும். எருமை எங்கே, கரை எங்கே.

ஃபைபர். முடிவு. ஆச்சரியம், துக்கமே இல்லை. ஒரு சுமை இறங்கிய மாதிரி.

கீழே வந்து சொன்னேன். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள். அக்கரைக்குப் போகலாம் என்றோ கூடாது என்றோ சொல்லவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

17 அக்., ஞாயிறு

எதிலிருந்து எழுதுவது!

கரையில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து கிரேப் பேண்டேஜ் சுற்றினாள், இறுக்கி. லைஃப் ஜாக்கெட் வாரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். அனிகேத் தன் கார்பனைத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். உலக்கையோடே போனேன்.

போனேன்!!! பாதியில் வலி வந்தது. திரும்பிப் பார்த்தேன், அம்மா சிவப்புப் புடவை, சின்னதாக. இந்த முறை வேறு பக்கம் பார்க்கவில்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் திரும்பத் தோன்றவில்லை. எல்லாருக்கும் கடைசியாகப் போய்ச் சேர்ந்து, அந்தக் கரைப் பாறையில் உலக்கையை ஓங்கி ஊன்றினேன்.

திரும்பி வந்தபோது அம்மா கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள், புடவை நனைய. கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அந்தக் கரையில என்னா இருக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. ரெண்டு எருமை."

"இதுக்கா இந்தப் பாடு?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நானும்.

அனிகேத் இரட்டைப் படகை இழுத்து வந்து, "ஆன்ட்டி, ஏக் ரவுண்ட்?" என்றான். மாட்டாள் என்று நான் சொல்வதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். அவளுக்கு ஜாக்கெட் மாட்டி முன்னால் உட்கார வைத்து, நான் பின்னால். கொஞ்ச தூரம் "என் புடவையைப் பிடி, படகைப் பிடி" என்று அம்மாவின் கத்தல். அப்புறம் துடுப்பைக் கேட்டாள். கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, ஒரே பக்கமாக, அடியோடு கிண்டினாள். படகு இருந்த இடத்திலேயே சுற்றியது.

"கிண்டாதம்மா, இழு!"

"இழுக்கத்தாண்டி இழுக்கறேன்!"

இன்னும் ஒரு சுற்று. கரையிலிருந்து கிளப்பே கைதட்டியது. அம்மா கண்ணை மூடவே இல்லை.

18 அக்., திங்கள்

உடம்பெல்லாம் வலி. மேனேஜரிடம் ஜுரம் என்றேன். கேஸ்காரன் இன்றும் வரவில்லை, ஷி. சத்தியம் செய்கிறாள் புக் செய்ததாக.

அனிகேத்துக்கு இன்று சொல்லியாக வேண்டும். ஃபைபர் ஒன்று, கழற்றுகிற மாதிரி, என் உயரம் அஞ்சு நாலு என்று எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டா வாங்கு."

"ஒண்ணு போதும்மா. இது அவ்வளவு சீக்கிரம் ஒடையாது."

"ஒடையறதுக்கு இல்லடி."

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயரத்துக்குத் தக்க நீளம் சொல்ல வேண்டும். கதவோரம் நிற்க வைத்து அளந்தேன். நாலு அடி பதினோரு அங்குலம். குதிகாலைத் தூக்கிக்கொண்டு, அஞ்சு என்று எழுதச் சொல்கிறாள்.