பயம்தான், வேறொன்றுமில்லை

போன சனிக்கிழமை நாகர்கோவிலில் ஒரு மருந்துக் கடையில் அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்க நின்றிருந்தேன். உள்ளே ஸ்டூலில் இருந்த பெரியவரின் கையிலிருந்து கடைக்காரர் பிரஷர் பார்க்கும் பட்டையைப் பிரித்தார். 'டர்ர்' என்று அது உரியும் சத்தம். அவ்வளவுதான், என் நெஞ்சு காதுக்குள் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் மருந்தை வாங்கினேன். வெளியே வெயிலில் வந்து நின்றபோது உன் ஞாபகம் வந்தது. இந்தச் சத்தத்துக்கு இப்படி நடுங்கிப்போகிறவள் எனக்குத் தெரிந்து இன்னொருத்தி நீ மட்டும்தான். நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதை இனி யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டது பெங்களூரில், விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனை நடக்கும் இடத்தில். கண், காது, இருதயப் படம் எல்லாம் தேறியிருந்தேன். பிரஷர் மட்டும் நூற்றைம்பதைத் தாண்டி நின்றது. வெளியே போய்க் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். அமைதியாக இரு என்று யாராவது சொன்னால் எப்படி அமைதியாக இருப்பது? தோவாளைக்குப் போன் போட்டு அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தேன். "எம்மா, கை கெடந்து நடுங்குகு, நான் என்ன செய்வேன்?"

பெஞ்சின் மறுமுனையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நீ திரும்பினாய். "ஏட்டி, நீ நம்ம ஊரா?"

"தோவாளை."

"நான் தக்கலை. உனக்கு எவ்வளவு இருக்கு?"

சொன்னேன். "அய்யே, எனக்கு அதைவிடக் கூடுதல்" என்று ஏதோ பரீட்சையில் முதலிடம் வாங்கியவளைப் போலச் சொன்னாய். நான் சிரித்துவிட்டேன், நீயும் சிரித்தாய். பிறகு, தோவாளைப் பிச்சிப்பூவைப் பற்றியும் தக்கலைப் பேருந்துகளின் கூட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்துவிட்டோம். மறுபடி கூப்பிட்டு அளந்தபோது இருவருக்குமே இறங்கியிருந்தது. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய். "பாத்தியா? பயம்தான், வேற ஒண்ணும் இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வருடங்களை எல்லாம் கடந்தோம். பயிற்சி வெவ்வேறு இடத்தில், வேலை வெவ்வேறு நிறுவனத்தில். ஆனாலும் மருத்துவப் பரிசோதனையை மட்டும் ஒரே நாளில் வருமாறு பார்த்துக்கொண்டோம். அதற்கு ஒரு மாதம் முன்பே உப்பைக் குறைப்போம். அன்று காலையில் சாயா கிடையாது. காலைத் தரையில் பதிய வைத்து, கையை மேசைமேல் தளர விட்டு, மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் நீ நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகும் வழியில் ஒரு பஸ் ஸ்டாப் வைத்திருந்தாய். பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, குமாரகோவில் விலக்கு. "தக்கலை வந்து சேரும்போ பிரஷர் எறங்கியிருக்கும் கேட்டியா" என்பாய். எனக்கு இறங்கும். உனக்கு அவ்வளவாக இறங்காது. மூன்றாம் முறை, நான்காம் முறை அளந்துதான் எல்லைக்கோட்டுக்கு உள்ளே எப்படியோ வந்து விழுவாய்.

வேடிக்கை என்னவென்றால் பறப்பதில் நமக்குப் பயமே இருந்ததில்லை. கொச்சியில் கண் தெரியாத மழையில் இறங்கிய நாளில் என் கை ஒரு துளிகூட நடுங்கவில்லை. நீயும் அப்படித்தான். துணியால் ஆன ஒரு பட்டைக்குத்தான் இருவரும் பயந்தோம். அது ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண் நம்மைத் தரையில் உட்கார வைத்துவிடும்.

ஒரு தடவை, பரிசோதனைக்கு முன்னால் நாமே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் போய், ஒரு பகலும் ஒரு இரவும் கையில் கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய கருவியை ஆளுக்கொரு நாள் வாங்கிக் கட்டினோம். வீட்டில் பூ கட்டிக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்த எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் மட்டும் ஏறுகிற பிரஷர் என்றார் டாக்டர். உனக்கு என்ன வந்தது என்று கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினாய். கடைசியில் கொட்டாரம் ஊரில், வயலைப் பார்த்திருக்கும் அந்தச் சாயாக்கடையில் வைத்துச் சொன்னாய்.

"எனக்கு ராத்திரியும் எறங்கல்லட்டி. தூக்கத்திலயும் அப்படியேதான் நிக்குது."

"அப்போ அது பயம் இல்ல."

"பயம்தான். தூங்கும்போதும் நான் பயந்துட்டுதான் கெடக்கேன்." சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் வேறு சோதனைகள் எழுதிக் கொடுத்திருந்தார். நீ எதையும் செய்யவில்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பறக்க அனுமதி உண்டு, போய்ச் சொல்லு, சில வாரம் வீட்டில் இருத்துவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். உன் முகம் இறுகிவிட்டது.

"ஒருக்கா எழுதிட்டா எனக்க பேரோட அது ஒட்டிப்போவும். ஒவ்வொரு வருசமும் அதைத்தான் மொதல்ல பாப்பாங்க. உனக்கென்னட்டி, உனக்கு வெறும் பயம். நீ சொல்லுவ."

"உனக்குப் பின்னால அத்தனை பேர் உக்காந்திருக்காங்க, ஓர்மை இருக்கா?"

சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த வருடப் பரிசோதனைக்கு முன்னால் மட்டும் யாரிடமோ கேட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாய், தேறினாய், தேறியதும் நிறுத்தினாய். இதையும் நீயே போன் செய்து என்னிடம் சொன்னாய். யாரிடமாவது சொல்லாமல் உன்னால் இருக்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கும் சண்டை போட்டேன். அன்றைக்கு நீ எதிர்த்துப் பேசவில்லை. "கிறிஸ்மஸ் கழியட்டு மக்கா. நானே போய்ச் சொல்லுகேன். இப்படிப் பதுங்கிப் பதுங்கி எனக்கும் மடுத்துப் போச்சு" என்றாய். நம்பினேன். நீயும் உண்மையாகத்தான் சொன்னாய்.

கிறிஸ்மஸுக்கு லீவில் வந்திருந்தாய். ஒரு காலையில் உன் வீட்டு முற்றத்தில் உன் அப்பா நாற்காலி மேல் ஏறி நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார், நீ கீழே நின்று வயரைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். தலை வலிக்குது என்று சொன்னாயாம். அப்படியே சரிந்துவிட்டாய். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனார்கள். செய்தி கேட்டு ஓடி வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று உன்னைப் பார்த்தேன். உன் கையில் அந்தப் பட்டை கட்டியிருந்தது. அது தானாக இறுகி, தானாக விட்டது. நீ பயப்படவில்லை. எதுவும் உனக்குத் தெரியவில்லை.

சிறுநீரகத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் சின்ன வயதிலிருந்தே சுருங்கியிருந்ததாம். அதனால்தான் பிரஷர். இள வயதுப் பெண்களுக்கு இப்படி வருவதுண்டு, முன்னமே பார்த்திருந்தால் சரி செய்திருக்கலாம் என்று டாக்டர் உன் அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பெஞ்சில் தொடங்கி நாம் பயம் பயம் என்று சொல்லிச் சிரித்ததெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

உன் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கும் பிரஷர்னுதானே மக்கா அவ சொல்லுவா? பின்னே நீ எப்படி நிக்கிய?" அதில் குற்றம் சாட்டல் இல்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த பரிசோதனைக்குத் தனியாகப் போனேன். எண் அதுவரை இல்லாத உயரத்தில் நின்றது. மூச்சை விட்டுப் பார்த்தேன், வில்லுக்குறி தாண்டவில்லை. அங்கிருந்த டாக்டர், நடுத்தர வயதுப் பெண், "தூக்கம் சரியில்லையா?" என்று கேட்டார். வழக்கமாக ஆமாம் என்று சொல்லிவிடுவேன். பேருந்தில் வந்தேன், வெயில், இப்படி ஏதாவது. அன்று என் வாயில் பொய் வரவில்லை.

"பயமா இருக்கு டாக்டர். எனக்க கூட்டுக்காரி செத்துப்போனா" என்று ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். உன் கதை முழுவதையும் கேட்டார். "உங்களுக்குப் பயம் இருப்பது தெரிகிறது. ஆனால் அது பயம் மட்டும்தான் என்று நீங்களும் முடிவு செய்யக்கூடாது, நானும் முடிவு செய்யக்கூடாது" என்றார். தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதினார். நாம் இருவரும் கனவில்கூடப் பார்க்கப் பயந்த சொல். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன், எதுவும் இடிந்து விழவில்லை.

வீட்டில் இருத்தினார்கள். சிறுநீரகத்தைப் படம் எடுத்தார்கள், அது நன்றாக இருந்தது. கருவியை மறுபடி கட்டினேன். இந்தத் தடவை எனக்கும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, தூக்கத்தில்கூட. நிஜமான பிரஷர். அனுமதி உள்ள ஒரு சின்ன மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். சில வாரம் தோவாளையில் அப்பாவுடைய பூக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மறுபடி பார்த்தார்கள். பறக்கலாம் என்றார்கள்.

இவ்வளவுதான்ட்டி அது. நீ அத்தனை பயந்தது இதற்குத்தான். சில வாரம் வீட்டில் இருப்பது, காலையில் ஒரு மாத்திரை. என் பேரோடு அது ஒட்டிக்கொண்டதுதான். ஒவ்வொரு வருடமும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் மீண்டும் வேலையில் சேர்ந்த நாளில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்மேலா, நம் இருவரையும் அப்படி நடுங்க வைத்த எண்ணின்மேலா என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

தக்கலைக்குப் போய் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ போய்ச் சொல்லியிருந்தால் உனக்கும் இதெல்லாம் கிடைத்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய்ச் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். பிறகு, "இனி பறக்கதுக்கு முன்ன எனக்கு ஒருக்கா போனில விளி" என்றாள்.

விளிக்கிறேன். விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் இருந்துகொண்டு, ஒவ்வொரு தடவையும். உன் அம்மா என் நலம் விசாரிப்பதில்லை, எந்த ஊர் என்று கேட்பதில்லை.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன் அம்மா."

"பயமா இருக்கா?"

சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்கிறேன். மறுமுனையில் அவள் மூச்சு விடுவது கேட்கும். "செரி மக்கா, போயிட்டு வா" என்பாள்.