நாலாவது வரியில் கட்

1978, அக்டோபர் 3. திபிலிசி

படப்பிடிப்பில் இன்றும் நாற்காலி தூக்கினேன். நாற்பத்தேழு வயதில் டெலிவிஷன் கேமராமேன் வேலையை உதறிவிட்டு டைரக்‌ஷன் கற்க வந்தவனுக்கு இது வேண்டியதுதான். டைரக்டர் லாலி மேடம் என்னைவிட எட்டு வயது சின்னவர். ஆறு படம் எடுத்தவர். வாய் திறந்து ஒன்றும் சொல்லித்தர மாட்டார். கேட்டால், "பாருங்க தேமுர், கண்ணு இருக்குல்ல?" என்பார். பார்க்கிறேன். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

அக்டோபர் 9

"விருந்துக் காட்சியை நீங்க எடுங்க. சரியா வந்தா உங்க முதல் படத்துக்கு ஸ்டூடியோவுல நானே பேசறேன். வரலைன்னா டெலிவிஷனுக்கே போயிடுங்க." லாலி மேடம் சிரிக்காமல் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். "அங்கதான் உன் இடத்துல ஆள் போட்டுட்டாங்களே," என்றாள் இர்மா. பெண்டாட்டி சொல்லித்தான் எனக்கு அது தெரிய வேண்டுமா?

அக்டோபர் 11

தூக்கம் போய்விட்டது.

அக்டோபர் 12

தொலைந்தேன்.

சின்னக் காட்சிதான். விருந்தை நடத்தும் மேசைத் தலைவராக நடிக்கும் அகாகி ஐயா எழுந்து, இறந்தவர்களை நினைத்துக் கோப்பையை உயர்த்த வேண்டும். நாலு வரி. கொடுத்தது ஒரே பிலிம் சுருள். சிக்கனமாக எடுத்தால் மூன்று டேக் வரும். முதல் டேக்கிலேயே, நாலு வரி முடிந்தும் அவர் நிறுத்தவில்லை.

"எம் மகன் லெவானுக்கும்... ஆத்துல இறங்காதடான்னேன். எம்பேச்சை எப்பக் கேட்டான்?"

வசனத்தில் லெவான் கிடையாது. அவருடைய சொந்த மகன். போன கோடையில் ஆற்றோடு போனவன்.

எங்கள் வழக்கப்படி மேசையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஏணியில் உட்கார்ந்திருந்த விளக்குக்காரர்கூட இறங்கி நின்றார். நானும் எழுந்தேன். செத்தவன் பெயரைச் சொல்லிக் கோப்பையைத் தூக்கியவரை நடுவில் நிறுத்துவதா? எந்த அப்பன் என்னை அப்படி வளர்த்தான்? கட் என்ற சொல் தொண்டையைத் தாண்டவில்லை. சுருள் முழுக்க ஓடித் தீர்ந்து, கேமராவுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது.

"கட் சொல்ல வாய் வராதவருக்கு டைரக்‌ஷன் எதுக்கு?" மேடம் காரில் ஏறிப் போய்விட்டார்.

போச்சு. இந்த வயசுல இனி எவன் கதவைத் தட்டுவேன் — எல்லாம் போச்சு.

அக்டோபர் 16

எடுத்ததைத் திரையில் போட்டார்கள். கடைசி வரிசையில் ஒடுங்கிக் கிடந்தேன். அகாகி ஐயாவுக்குப் பின்னால் அலமாரிக் கண்ணாடி. அதில் ஓர் உருவம், எங்களைப் போலவே எழுந்து, கையில் டீ கிளாஸோடு தலை குனிந்து நிற்கிறது. லாலி மேடம்.



"ஷாட் வீண். நானே உள்ள தெரியறேன்," என்றார். வாசல்வரை போய், என்னைப் பார்க்காமலே, "நாளைக்கு மறுபடி எடுங்க. நான் வரலை."

அக்டோபர் 17

மகனைப் பறிகொடுத்தவரிடம் போய், நாலு வரியோடு நிறுத்துங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்டேன்.

அகாகி ஐயா தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். "லெவான் பேரைச் சொல்லக் கூடாதா?"

"சொல்லுங்க ஐயா. ஆனா நாலாவது வரியில நான் நிறுத்திடுவேன்."

"நிறுத்து. அது உன் வேலை."

நாலாவது வரி முடிந்தது. "லெ..." என்று வாயெடுத்தார். கட் என்றேன். என் குரல்தானா அது? ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேமராவை அணைக்கச் சொன்னேன். மேசையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"இப்பச் சொல்லுங்க ஐயா."

சொன்னார். நிறைய சொன்னார். எல்லாரும் நின்றோம். கோப்பையில் இருந்தது ஒயினுக்குப் பதிலாகப் படத்துக்கு ஊற்றிவைத்த மாதுளைச் சாறு. அதையே மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

சாயங்காலம் மேடம் போன் செய்தார். "எங்க நிறுத்தினீங்க?"

"நாலாவது வரியில."

"அப்புறம்?"

"எழுந்து நின்னேன்."

"திங்கக்கிழமை ஸ்டூடியோவுக்கு வாங்க. உங்க கதையை எடுத்துட்டு வாங்க."

படம் கிடைச்சுதா என்றாள் இர்மா. கிடைத்த மாதிரிதான் என்றேன். அவள் என் நல்ல சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்த "லெ..." இன்னும் காதில் கேட்கிறது.