கேட்டைத் தாண்டிய சாவி

மாமா,

இன்று காலையில் கார் கதவைத் திறந்து முன் சீட்டில் சும்மா உட்கார்ந்தேன். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் கவரை இன்னும் பிரிக்கவில்லை. புது வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. மில் முதலாளியின் டிரைவராக நீங்கள் புது வண்டி எடுத்துவந்த நாளெல்லாம் உங்கள் காக்கிச் சட்டையில் இதே வாசனைதான் இருக்கும். அந்தச் சட்டையை மட்டும் இரண்டு நாள் கழித்துத்தான் துவைப்பேன். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நீங்கள் இருந்தால், யார் கார், யார் முன் சீட்டு என்று கேட்பீர்கள். நம்முடையதுதான். உங்கள் பேத்தி கயல் வாங்கியிருக்கிறாள். அதுவும் கரண்டில் ஓடுகிற கார். பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை, கியரும் இல்லை. ராத்திரி செல்போனுக்குப் போடுகிற மாதிரி சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ஓடத் தயாராக நிற்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்ன கதை விடுகிறாள் என்று சிரிக்காதீர்கள். எல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

கயல் கடலூரில் நர்சு வேலை பார்க்கிறாள். ராத்திரி டூட்டி முடித்து, விடியாத நேரத்தில் பஸ்ஸுக்கு நின்று, சிதம்பரம் வந்து சேர்வதற்குள் அவள் முகம் வாடிப்போய்விடும். அதற்காகத்தான் கார். நம் மகள் செல்விக்கு அதில் பயம். வயசுப்பெண் அந்த ரோட்டில் தனியாக ஓட்டிக்கொண்டு வருவதா என்று ஆறு மாதம் முரண்டு பிடித்தாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள். "தாத்தா எப்பிடி வண்டி எடுப்பாரோ அதுமாதிரி எடுக்கணும். நல்ல நேரத்துல கெளம்பணும். மொத ஓட்டம் தில்லைக் காளி கோயில் வரைக்கும் வண்டி நடுவுல அணையக் கூடாது. ஒண்ணு தப்புனாலும் ராத்திரி டூட்டிக்கு நீ பஸ்லதான்."

கயல் சரி என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் கடலூருக்குப் பஸ் ஏறினோம். என் பையில் தேங்காய், கற்பூரம், நாலு எலுமிச்சம்பழம். கூடவே ஒரு கேன் தண்ணீர். நீங்கள் தண்ணீர்க் கேன் இல்லாமல் வண்டியைத் தொட்டிருக்கிறீர்களா? ரேடியேட்டருக்கு ஊற்ற என்று சொன்னதும் கயல் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். "அதுக்கு வேணாம் ஆயா, வெயில் ஜாஸ்தியா இருக்கு, நாம குடிச்சிக்கலாம்" என்றாள்.

ஷோரூமில் காரைச் சிவப்புத் துணி போட்டு மூடிவைத்திருந்தார்கள், கல்யாணப் பெண்ணை மறைத்துவைத்த மாதிரி. துணியை இழுக்கச் சொன்னார்கள். கயல் என் கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். கடல் நீலம் மாமா. கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. அட்டையில் செய்த ஆள் உயரச் சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள், கேக் வெட்டச் சொன்னார்கள். எங்கிருந்தோ ஜிகினாத் தாள் பறந்துவந்து என் கொண்டையில் உட்கார்ந்தது.

அப்புறம்தான் சிக்கல் வந்தது. வண்டியை ஒப்படைக்கிற பெண், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பிள்ளை, கயலைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். வண்டி நேற்று சாயங்காலம்தான் வந்ததாம், சார்ஜ் போடுகிற இடத்தில் வேறு வண்டி நின்றதாம். முழுசாக ஏற்ற முடியவில்லை. இருக்கிற சார்ஜுக்குச் சிதம்பரம் போய்விடலாம், ஆனால் மிச்சம் ரொம்ப இருக்காது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் சார்ஜ் போட்டுக்கொண்டு, அதற்குள் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் கயல். செல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. "இப்பவே எடு. இல்லன்னா வண்டியே வேணாம்" என்று உதட்டைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

நீங்கள் எப்போதும் சொல்வது என் காதில் கேட்டது. "கேட்டத் தாண்டுற வரைக்கும் அது கடைக்காரன் வண்டி. தாண்டிட்டா அதோட நல்லது கெட்டது நம்மளுது." சரிபார்க்காமல் எடுக்கக் கூடாது. நல்ல நேரத்தையும் விடக் கூடாது. போகிற வழியில் அணையவும் கூடாது. மூன்றும் உங்கள் பேச்சுதான். எதை விடுவது?

அப்போதுதான் புதுச்சேரி ஞாபகம் வந்தது. செல்வி என் வயிற்றில் இருந்த நேரம். முதலாளிக்கு வெள்ளை வண்டி எடுக்கப் போனபோது, கடலோர ஊரைப் பார்த்ததில்லையே என்று என்னையும் கூட்டிப்போனீர்கள். காகிதம் எதுவோ வர வேண்டியிருந்தது, ராகு காலமோ பிறக்கப் போகிறது. நீங்கள் பதறவில்லை. மாற்றுச் சாவியை வாங்கி என் கையில் வைத்தீர்கள். "இத எடுத்துக்கிட்டு கேட்டுக்கு வெளிய போயி நில்லு புள்ள. சாவி தாண்டிட்டா வண்டி கெளம்பின கணக்குதான். மறுபடி உள்ள மட்டும் வந்துடாத." ராகு காலம் முடிகிறவரை ஒரு வேப்பமரத்தடியில் சாவியைப் பொத்திக்கொண்டு நின்றேன். பிறகு நீங்கள் வண்டியோடு வெளியே வந்து, கண்ணாடியை இறக்கி, "கொடு, ஊரான் சாவி" என்று சிரித்துக்கொண்டே வாங்கினீர்கள். பின்னால் முதலாளி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். நான் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன்.

செல்வியிடம் இதைச் சொன்னேன். நிஜமா என்றாள். "அன்னிக்கு எங்கூட சாவிக்கிக் காவல் நின்னவதாண்டி நீயும்" என்றேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. குறிஞ்சிப்பாடிப் பெண்ணும் புரிந்துகொண்டாள். ஊருக்குக் கிளம்ப நேரம் சரியில்லை என்றால் அவள் வீட்டிலும் பையை முன்கூட்டியே வெளியே கொண்டுபோய் வைப்பார்களாம். கயல் கையெழுத்துப் போட, ரெண்டாவது சாவி என் கைக்கு வந்தது. என் பையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, பத்தரைக்கு முன்னால் கேட்டைத் தாண்டிவிட்டேன்.

தாண்டிய பிறகுதான் உறைத்தது. இனி நான் உள்ளே போக முடியாது. ஒரு மாதமாகக் கனவு கண்டேனே, அந்தக் காரைத் திறந்து காட்டுகிறபோது பக்கத்தில் நிற்க முடியாது. எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரும்போல இருந்தது.

போன் அடித்தது. எடுத்தால் கயல் முகம் தெரிகிறது. "ஆயா, நீ அங்கேருந்தே பாரு" என்று போனைக் கார் பக்கம் திருப்பினாள். டீக்கடை அக்காவும் கரண்டியை வைத்துவிட்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். முன்மூடியைத் திறந்தார்கள், இன்ஜினைக் காணோம், சின்னப் பெட்டி மாதிரி ஏதோ இருந்தது. "இதுல பொக எங்கேருந்து வரும்?" என்றாள் அக்கா. புகையே வராது என்று பெருமையாகச் சொன்னேன், நானே செய்த வண்டி மாதிரி. வண்டியில் அடித்திருந்த நம்பரையும் காகிதத்து நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கதவோரம், டயர், கண்ணாடி எல்லாம் கையால் தடவிப் பார்த்தாள் கயல், நீங்கள் செய்கிற மாதிரியே. ஸ்டெப்னி கிடையாதாம், காற்றடிக்க ஒரு குட்டி மிஷின் கொடுத்தார்கள். காலை மிதியிலிருந்து எடுத்தாலே வேகம் குறைந்து, கொஞ்சம் சார்ஜும் திரும்ப ஏறுமாம். வேகச் சார்ஜை எந்நேரமும் தொண்டை வரைக்கும் ஏற்றக் கூடாது என்றும் அந்தப் பெண் சொன்னாள். அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

பிறகு டிக்கியைத் திறந்தார்கள். கயல் எதையோ தேடினாள். வீட்டில் சார்ஜ் போடுகிற வயர் இல்லை. எடுத்துவைக்க மறந்து ஸ்டோர் ரூமிலேயே இருந்திருக்கிறது. கொண்டுவந்து வைத்தார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் பத்தரைக்கு அவசரப்பட்டு எடுத்திருந்தால், வீட்டுக்கு வந்து எதை வைத்துச் சார்ஜ் போட்டிருப்போம்? செல்வி போனுக்குள் வந்து என்னையே பார்த்தாள்.

பன்னிரண்டு தாண்டியதும் கற்பூரம் காட்டி, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் காரை நகர்த்தினாள் கயல். மாமா, எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. வாழ்நாளெல்லாம் நீங்கள் வைத்த பழம் ஒன்றின் சத்தமாவது இன்ஜின் உறுமலில் நமக்குக் கேட்டிருக்கிறதா?

கார் கேட்டைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. செல்வி பின்னால் உட்கார்ந்திருந்தாள். கயல் எட்டி முன்கதவைத் திறந்தாள். "ஏறு ஆயா." முன் சீட்டில் ஏறினேன்.

ஆலப்பாக்கம் தாண்டி, முன்னால் ஒரு பஸ் ஆள் இறக்க நின்றது. நாங்களும் நின்றோம். துளி சத்தமில்லை. செல்வி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள். "அணஞ்சிடுச்சா? அணஞ்சிடுச்சாடி?" கயல் முன்னால் எரிகிற பச்சை விளக்கைக் காட்டினாள். அது எரிகிறவரைக்கும் வண்டி உயிரோடுதான் இருக்கிறது, நின்றால் மூச்சுச் சத்தம் கேட்காது, அவ்வளவுதான் என்றாள். அதற்கப்புறம் செல்வி ரோட்டைப் பார்க்கவே இல்லை. புதுச்சத்திரம், முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் எல்லாம் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காளி கோயில் வாசலில் கயல் வண்டியை அணைத்தபோது சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது.

செல்வி இறங்கி, காரைச் சுற்றிவந்து, முன்மூடியில் குங்குமம் வைத்தாள். "எப்ப உனக்கு ராத்திரி டூட்டி?" என்று கயலைக் கேட்டாள். திங்கள் என்றாள் அவள். "பாத்து ஓட்டு. கடலூரு போயி போன் பண்ணு." அவ்வளவுதான் மாமா. ஆறு மாத முரண்டு முடிந்தது.

சாவியை எடுத்துக் கயலிடம் நீட்டினேன். "ஒண்ணு எங்கிட்ட இருக்கே ஆயா, அத நீயே வெச்சிக்க" என்று கோயிலுக்குள் போய்விட்டாள். இப்போது அது என் சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடக்கிறது. விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போனால், என் இடுப்பில் சாவி இருப்பது அந்தக் காருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. கிட்டே போனதும் விளக்கைச் சிமிட்டி, பூட்டைத் தானே திறந்துகொள்கிறது. நானும் நின்று ஒரு தடவை தலையாட்டிவிட்டுத்தான் கோலம் போடுகிறேன். மூன்று நாளாகிறது மாமா, கொடு என்று யாரும் கேட்கவில்லை.