தாமுவை அனுப்பச் சொன்ன டீச்சருக்கு

இன்று பேத்தியின் முழங்காலில் டிங்சர் போட்டேன். அந்த நெடி ஏறியதும், டீச்சர், உங்கள் கைதான் கண்முன் வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்த கை. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தத் தழும்பு இன்னும் போகவில்லை எனக்கு.

எழுபதுகளின் கடைசி. நம் ஊர்ப் பள்ளியில் ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு. சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஒருத்தன் வாய்ப்பாடு சொல்ல, மூன்று வகுப்பும் சேர்ந்து கத்தும். மூளை வளராத என் மகன் தாமுவுக்கு அந்தக் கூச்சல் ஆகாது. அன்று பக்கத்துப் பெண்ணின் காதைக் கடித்துவிட்டான். அவள் அப்பன் ஏர் ஓட்டிய தார்க்குச்சியோடு ஓடிவந்து, தாமுவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"பைத்தியத்த வெச்சிக்கினு இன்னா பள்ளிக்கூடம் நடத்துற நீ? எம்பொண்ணு காது தொங்கிக்கினு கீது!"

குச்சி ஓங்கியபோது குறுக்கே விழுந்தது நீங்கள். குச்சி முனையிலிருந்த ஆணி உங்கள் கையில் இறங்கியது.

பெரிய வாத்தியாரும் அவனைப் பள்ளியைவிட்டு அனுப்பத்தான் சொன்னார். நீங்கள் ரத்தத்தைத் துணியால் அழுத்திக்கொண்டே சொன்னீர்கள்: "சத்தந்தான் சார் அவனுக்கு ஆகல. வாய்ப்பாடு நேரத்துல மட்டும் வேப்பமரத்தடியில ஒக்காரட்டும். மத்த நேரம் என் பக்கத்துல."

நடந்தது. பெருமாள் வரதன் புண்ணியத்தில் தாமு சிலேட்டில் கோடுகூடப் போட்டான்.

ஐப்பசி வந்தது. அடைமழை. மரத்தடி இல்லை, கூடத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். கத்தல் தொடங்கியதும் தாமு யாரையும் தொடவில்லை. தன் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டினான். பிடித்தால் திமிறி மறுபடி முட்டினான். மழை விட்டும் அது விடவில்லை. மணி அடித்தாலே நெற்றி உடைந்தது.

நீங்கள் வீட்டுக்கு வந்து, "இதுபோலப் புள்ளைங்களுக்குச் செங்கல்பட்டு பக்கம் ஒரு பள்ளி இருக்கும்மா. அனுப்பிடலாம்" என்றீர்கள்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. "ஒங்க கைய கிழிச்சப்போ அனுப்பல, இப்போ இன்னா வந்துச்சி? நீங்களும் அந்த ஆளோட சேர்ந்துக்கினீங்களா?" என்று முறத்தை வீசினேன். நீங்கள் நகரவில்லை.

"எங்கள அடிச்ச வரைக்கும் சமாளிச்சேன். இப்போ அவனையே அடிச்சிக்கிறான். அவன விடமாட்டேன்னு நான் பிடிவாதம் பண்ணா, அதுக்கு ரத்தம் கொடுக்கிறது அவன்தாம்மா."

பஸ்ஸில் வழியெல்லாம் என்னை உதைத்தான், கடித்தான். அவன் இரண்டு கையையும் நீங்கள்தான் பிடித்துவந்தீர்கள். அங்கே சின்ன அறை, ஏழெட்டுப் பிள்ளைகள், யாரும் கூவவில்லை. தாமு தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தான். அப்படியே தூங்கிப்போனான். நாம் இருவரும் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம்.

இப்போது என்னிடம் இதுபோலப் பிள்ளை பெற்ற தாய்மார் வருகிறார்கள். "பள்ளியிலயே வெச்சிக்கட்டுமா, வேற எடம் பார்க்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும், பஞ்சாங்கம் பார்த்து எழுத்துக் கூட்டினவள். உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்: "அவனால மத்தவங்களுக்கு இன்னா ஆச்சின்னு சொல்ல ஊரே கீது. வகுப்புக்குள்ள ஒக்காந்திருக்கறப்போ அவனுக்கு இன்னா ஆவுதுன்னு ஒருநாள் போய்ப் பார்த்துட்டு வாம்மா."