மாமன் வைத்த சேனை

அண்ணா,

காலையில் அவருக்குக் காப்பி கலக்கச் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட உன் மருமகன் பாலிகஞ்ச் ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாய் வழியாகப் பால் குடித்துக்கொண்டிருந்தான். சப்பவும் விழுங்கவும் மூச்சு விடவும் மூன்றையும் சேர்த்துச் செய்ய அவனுக்குத் தெரியவில்லை. வாயால் குடித்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வங்காளி நர்ஸ் தீதி அவன் தலையைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்து, பாலாடையால் ஒரு சொட்டு விட்டு, அடுத்த மூச்சு வரும்வரை காத்திருப்பாள். "ஆஸ்தே, ஆஸ்தே", மெல்ல மெல்ல, என்று அவள் சொன்னது அவனுக்கல்ல, எனக்கு. ஒவ்வொரு சொட்டுக்கும் என் உயிர் போய்த் திரும்பும். பதினோராம் நாள் ஒரு பாலாடை முழுக்கக் குடித்தான்.

மறுநாள் நியூ டவுனிலிருந்து நீ வந்தாய். நான் பால் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போன நேரத்தில், கொண்டுவந்திருந்த சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு அவன் நாக்கில் வைத்துவிட்டாய். இப்படி முதல் இனிப்பாகச் சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம் வீட்டு வழக்கம். நான் திரும்பியபோது அவன் உதடு நீலம். மானிட்டர் அலறுகிறது. தீதி அவனைக் கவிழ்த்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு சொட்டுதாம்மா. மாமன்தானே வைக்கணும்" என்றாய்.

"உன் குணம் ஒண்ணும் வேணாம், அவன் உயிரோட இருந்தாப் போதும். இனிமே இவன்கிட்ட வராதே" என்றேன், அத்தனை பேர் முன்னால்.

மறுபடியும் குழாய். இரண்டு வாரம் வாயால் ஒரு சொட்டும் இல்லை. மூன்றாம் நாளே டாக்டர் சொல்லிவிட்டார்: இரத்தத்தில் தொற்று, நீ வருவதற்கு முன்பே தொடங்கியது, அவன் குடிக்க முடியாமல் பின்வாங்கியது அதனால்தான், உன் ஒரு சொட்டால் அல்ல என்று. போன் என் கையில்தான் இருந்தது. நீ முதலில் கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தேன், பாவி. நீ தினமும் லேக் மார்க்கெட்டில் இட்லி வாங்கி, ஆஸ்பத்திரி கேட்டில் அவரிடம் கொடுத்துவிட்டு, மாடி ஏறாமலே திரும்பினாய். பிறகு ஒரு காலையில் உனக்கு மார்பு அடைத்தது.

இப்போது அவன் வீட்டில் இருக்கிறான். வாயால்தான் குடிக்கிறான். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம், நடுநடுவே மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி. நேற்று மீதம் வைக்காமல் குடித்தான். உன் எண்ணை அழுத்தினேன். அண்ணி எடுத்தார். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன்.

மாத்திரை போடு என்றால் போட மாட்டாய். குடை எடு என்றால் நனைந்து வருவாய். நான் சொன்ன எதையும் நீ கேட்டதே இல்லை, அண்ணா. வராதே என்றதை மட்டும் கேட்டாய்.